விறகுக் கொதிகலனிலிருந்து குளியலறைக்குச் சுடுநீர்: தகட்டுப் பரிமாற்றியா, செப்புச் சுருளா?

#1 முகத்துவாரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு முகத்துவாரத்தில் இருக்கிறேன். வீட்டின் பின்பக்கம் எங்கள் தளபாடப் பட்டறை இருக்கிறது. தேக்கு, மகோகனி, பலா எனக் காய்ந்த மரத்துண்டுகள் சாக்குச் சாக்காக மிஞ்சுகின்றன. இதுவரை வெதுப்பகக்காரர் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போகிறார். அதை வீட்டிலேயே எரித்துக் குளிக்கச் சுடுநீர் எடுத்தால் என்ன என்று யோசிக்கிறேன்.

வீட்டில் இரண்டு குடும்பம், ஒன்பது பேர். காலையில் சுடுநீர் கேட்பவர்கள் ஆறு பேர். அம்மாவுக்கு மூட்டுவலி. தங்கை பிள்ளைப்பேற்றுக்கு வந்து கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளுக்கு நொச்சியும் பாவட்டையும் அவித்த நீர் வேறு. குளியலறைகளில் 3.5 கிலோவாட் மின்சூடாக்கி இரண்டு பூட்டியிருக்கிறோம். எங்கள் இணைப்பு 30 ஆம்பியர். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்கும் நேரத்தில் பிரதான ஆளி விழுந்துவிடுகிறது. சவர்க்காரம் பூசிய தலையோடு ஒருவர் உள்ளிருந்து கத்துவது எங்கள் வீட்டுச் சுப்ரபாதம்.

கனடாவில் இருக்கும் மாமா ஒரு காணொளி அனுப்பினார். வெளியே விறகுக் கொதிகலன். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு தகட்டு வெப்பப் பரிமாற்றி. குழாயைத் திறந்தால் சுடுநீர் வருகிறது, மூடினால் நிற்கிறது, எதையும் சேமித்து வைப்பதில்லை. அதே மாதிரி இங்கே செய்ய முடியுமா? வெல்டிங் வேலைக்கு எங்களிடமே ஆள் இருக்கிறார். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வெள்ளவத்தை வாசகி

கொழும்பில் சுடுநீருக்குக் கொதிகலனா? எங்கள் தொடர்மாடியின் உச்சியில் கறுப்புத் தாங்கி இருக்கிறது. சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கோப்பித் தூளைப் போட்டுக் குடித்துவிடலாம்.

பகிடி ஒருபுறம் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை காயப்போடும் கொடிக்கும் உங்கள் புகைபோக்கிக்கும் எத்தனை அடி? அதை முதலில் அளந்து பாருங்கள் தம்பி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்கு ஒரு கடிதம் போதும்.

#3 பனிக்காடு

முகத்துவாரத்தான், உங்கள் மாமா காட்டியதைப் போன்ற ஒன்றோடுதான் ஒன்ராறியோவின் நாட்டுப்புறத்தில் நானும் இருக்கிறேன். வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

கொதிகலன் வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டிலில் இருக்கும். அதன் நெருப்பறையைச் சுற்றியுள்ள நீர்ச்சட்டையில் உள்ள நீர் 70 முதல் 85 பாகை செல்சியசில் நிற்கும். மண்ணுக்குள் புதைத்த காப்பிட்ட குழாய் வழியாக ஒரு சிறிய பம்பி அந்த நீரை இரவு பகலாக வீட்டுக்குள் சுற்றவிடும். தகட்டுப் பரிமாற்றி என்பது மெல்லிய துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளை அடுக்கிச் செப்பால் பற்றவைத்த கட்டை. ஓர் இடுக்கில் கொதிகலன் நீர், அடுத்த இடுக்கில் குழாய்நீர், இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும். கலக்காது. குளிர்நீர் உள்ளே போய் மறுபக்கம் சூடாக வெளியே வரும்.

என் வீட்டில் அது மின்சூடாக்கித் தாங்கிக்கு முன்னால் இருக்கிறது. விறகு எரியும் காலத்தில் தாங்கிக்குள் போகும் நீர் ஏற்கெனவே சூடாகிவிடுவதால் மின்சாரம் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பரிமாற்றிக்குப் பிறகு, சுடுநீரோடு குளிர்நீரைத் தானாகக் கலந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் வெப்பக்கட்டுப்பாட்டுக் கலப்பு வால்வு கட்டாயம். 60 பாகை நீர் ஐந்து விநாடி பட்டாலே வளர்ந்தவரின் தோல் ஆழமாக வெந்துவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் அதைவிடக் குறைந்த நேரம் போதும். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

#4 குழாய்வேலை 13

தம்பி, நான் கொட்டாஞ்சேனை. ஹோட்டல்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் சுடுநீர்க் குழாய் போட்டே தலை நரைத்தவன். காணொளியை வைத்துக்கொண்டு பொருள் வாங்கப் போவதற்கு முன்னால் கணக்கைப் பாருங்கள்.

ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை ஏற்றுவதற்கு ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். கொழும்பில் குழாய்நீர் 28 பாகையை ஒட்டி இருக்கும். இதமான குளியலுக்கு 40 போதும். ஏற்ற வேண்டியது வெறும் 12 பாகை. சாதாரணத் தூவலில் (ஷவரில்) நிமிடத்துக்கு 6 லீற்றர் ஓடுகிறது என்று வைத்தால் தேவைப்படும் வலு 5 கிலோவாட். கனடாக்கார நண்பருக்குப் பனிக்காலத்தில் 5 பாகை நீர் வருகிறது. அதை 45க்கு ஏற்றி நிமிடத்துக்கு 10 லீற்றர் ஓடவிட்டால் 28 கிலோவாட். அந்த ஊருக்குத் தகட்டுப் பரிமாற்றி இல்லாமல் முடியாது. உங்கள் தேவை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இனி நாள் கணக்கு. ஒருவருக்கு 40 லீற்றர் என்றால் 0.56 அலகு (கிலோவாட் மணி). ஆறு பேருக்கு மூன்றரை அலகுக்குச் சற்றுக் குறைவு, மாதத்துக்கு 100 அலகு. மின்பட்டியலில் பாவனை ஏற ஏற அலகின் விலையும் ஏறுகிறது. அந்த 100 அலகும் எப்போதும் மேல்தட்டிலேயே போய் உட்காரும். ஆகவே ஆசை நியாயமானது. விறகுப் பக்கம் பார்த்தால் நன்றாகக் காய்ந்த மரம் கிலோவுக்கு 4 அலகு வெப்பம் தரும். கையால் பற்றவைத்துச் செய்த அடுப்பு அதில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்தாலே பெரிய காரியம். அப்படியென்றாலும் நாளைக்கு இரண்டு கிலோ மரத்துண்டு போதும். சாக்குக் கணக்கு வேண்டாம். வெதுப்பகக்காரரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது முக்கியமான இடம். மின்சூடாக்கி, குழாயைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். விறகு அப்படி இல்லை. மூட்டிக் கால்மணி நேரம் கழித்துத்தான் சூடு கொடுக்கும். நீங்கள் குழாயை மூடியதும் அது நிற்காது. அடுப்பை நேரடியாகப் பரிமாற்றிக்கும் அங்கிருந்து தூவலுக்கும் இணைத்தால் முதலாமவர் குளிருவார், மூன்றாமவர் வெந்துபோவார். இடையில் ஒரு தாங்கி நீர் இருக்கத்தான் வேண்டும். கனடாவில் அந்த வேலையைக் கொதிகலனின் நீர்ச்சட்டை செய்கிறது. அதற்குள்ளே நிறைய நீர் இருப்பது காணொளியில் தெரிவதில்லை.

எதையும் சேமிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குளிக்கும் நீரைச் சேமிப்பதில்லை, வெப்பத்தைச் சேமிக்கிறோம். தாங்கியில் உள்ள நீர் வெளியே போகாது, மாறாது, யாரும் அதில் குளிப்பதில்லை. குளிக்கும் நீர் அதற்குள்ளே ஓடும் செப்புச் சுருளுக்குள் நுழைந்து சூடாகி வெளியேறும்.

#5 முகத்துவாரத்தான்

நன்றி அண்ணா. அப்படியென்றால் தாங்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தகட்டுப் பரிமாற்றியைப் பூட்டினால் ஆகாதா? பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் சின்னதாக ஒன்று பார்த்தேன். ஏன் சுருள் என்கிறீர்கள்?

#6 பனிக்காடு

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். தகட்டுப் பரிமாற்றி சிறியது, மலிவு, பழுதானால் இரண்டு மணி நேரத்தில் கழற்றி மாற்றலாம். தாங்கிக்குள் கிடக்கும் சுருளில் பொத்தல் விழுந்தால் முழுவதையும் திறக்க வேண்டும். வெப்பம் கடத்துவதிலும் தகடு பல மடங்கு மேல்.

#7 குழாய்வேலை 13

தகட்டின் திறமையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அது இரண்டு விடயங்களைக் கேட்கும். முகத்துவாரத்தில் அந்த இரண்டும் இல்லை.

முதலாவது அழுத்தம். நண்பரின் வீட்டில் குழாய்நீர் 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வருகிறது. நமது வீடுகளில் கூரைத் தாங்கியிலிருந்து நீர் தானாக இறங்குகிறது. தூவலுக்கு மேலே நான்கு மீற்றர் உயரத்தில் தாங்கி இருந்தால் கிடைப்பது 6 பிஎஸ்ஐயை எட்டாது. தகடுகளின் இடுக்கு ஒரு கடதாசி மட்டையின் தடிப்பைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த இடுக்குகளால் நீரைத் தள்ளுவதற்கே உங்கள் நான்கு மீற்றரில் பாதி செலவாகிவிடும். சின்னக் கட்டையாக வாங்கினால் முழுவதும். தூவலில் நீர் சொட்டும். பிறகு அழுத்தப் பம்பி வாங்குவீர்கள். அது ஒவ்வொரு முறையும் உறுமும்.

இரண்டாவது மின்சாரம். தாங்கியின் நீரைத் தகட்டுக்குள் சுற்றவிடப் பம்பி வேண்டும். குழாய் திறந்ததைக் கண்டு பம்பியை ஓடவிட ஓட்ட ஆளி வேண்டும். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறந்துவிட்டோமா? எரிவாயு வரிசையும் அதே காலம்தான். விறகில் சுடுநீர் எடுக்க இத்தனை பாடுபட்டுவிட்டு, மின்வெட்டு நேரத்தில் சூடான தாங்கிக்குப் பக்கத்தில் நின்று குளிர்நீரில் குளிப்பதா?

சுருளுக்கு இவை எதுவும் வேண்டாம். ஏ.சி. பூட்டுபவர்கள் வாங்குகிறார்களே, 15 மீற்றர் செப்புச் சுருள், அதில் 5/8 அங்குலம் வாங்குங்கள். அரை அங்குலம் வேண்டாம். நிமிடத்துக்கு 6 லீற்றர் ஓடும்போது 5/8இல் ஒரு மீற்றர் உயரத்தை ஒட்டிய அழுத்தம் இழக்கும். அரை அங்குலத்தில் அது இரண்டைத் தாண்டும். கூரைத் தாங்கி வீட்டில் இந்த ஒரு நூல் வித்தியாசம்தான் குளியலுக்கும் சொட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்தச் சுருளின் மேற்பரப்பு முக்கால் சதுர மீற்றர். என் கணக்கில் தாங்கி 75 பாகையில் இருக்கும்போது சுருளிலிருந்து 52 பாகையில் நீர் வரும். தாங்கி 50க்கு இறங்கும்போது 39. அதற்குக் கீழே இறங்கினால் அடுப்பை மூட்ட வேண்டியதுதான். 200 லீற்றர் தாங்கி 75இலிருந்து 50க்கு இறங்குவதற்குள் 5.8 அலகு கொடுத்திருக்கும். ஆறு பேரும் குளித்து, பிள்ளைக்கும் வார்த்து, மிச்சமும் இருக்கும்.

குழாயை நெடுநேரம் மூடி வைத்திருந்தால் சுருளுக்குள் நிற்கும் இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட நீர் தாங்கியின் சூட்டுக்கே ஏறிவிடும். திறந்ததும் முதலில் பாய்வது அந்த 75 பாகை நீர்தான். ஆகவே கலப்பு வால்வைப் பற்றி நண்பர் சொன்னதில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். கடையில் குறைந்த அழுத்தத்துக்குரிய வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண வகை 6 பிஎஸ்ஐயில் திணறும்.

#8 பனிக்காடு

கூரைத் தாங்கி விடயம் சரிதான். இங்கே யாரும் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. என் வீட்டுக்குத் தகடு, உங்கள் வீட்டுக்குச் சுருள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் சுருள் பொத்தலானால்?

#9 குழாய்வேலை 13

சுருளைத் தாங்கியின் மூடியிலேயே தொங்கவிட்டுப் பொருத்த வேண்டும். நட்டுகளைக் கழற்றினால் மூடியோடு வெளியே வரும். தாங்கிக்குள் ஓர் இணைப்பும் இருக்கக்கூடாது. முழுச் சுருளும் ஒரே துண்டு. இணைப்பு இல்லாத செப்பு எளிதில் பொத்தலாகாது.

#10 ஹற்றன் தேயிலை

இந்த இழையைக் காலையிலிருந்து வாசிக்கிறேன். கொழும்புக்காரர் 12 பாகைக்கு இத்தனை பாடுபடுகிறார்! இங்கே மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குழாய்நீர் 15 பாகைக்குப் பக்கத்தில் வருகிறது. 40க்கு ஏற்ற 25 பாகை வேண்டும். உங்களுடைய 3.5 கிலோவாட் மின்சூடாக்கியை இங்கே பூட்டினால் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் இதமான நீர் வரும். அதில் முகம் கழுவலாம்.

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாக்களில் விறகு அடுப்பின் முதுகில் ஓர் இரும்புப் பெட்டி பதித்திருப்பார்கள். சமையல் நடக்கும்போதே பெட்டியில் நீர் சூடாகி, குழாய் வழியாகத் தானாக மேலேறி உருளைத் தாங்கிக்குப் போகும். தாங்கியின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கீழே இறங்கி வரும். பம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. மலைநாட்டில் மின்சாரம் எட்டாத காலத்திலேயே துரை தொட்டியில் வெந்நீரில் கிடந்தார். அந்த விறகைப் பிளந்து சுமந்தவர் லயத்தில் மூன்று கல் வைத்துக் கிடாரத்தில் சுடவைத்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையிலும் இதே தத்துவம்தான். உலர்த்தும் இயந்திரத்துக்குப் போகும் சூடான காற்று விறகுப் புகையைத் தொடுவதே இல்லை. அடுப்பின் புகை ஒரு பக்கம், காற்று மறுபக்கம், நடுவில் இரும்பு. புகை பட்டால் தேயிலை கெட்டுவிடும்.

தம்பி, அடுப்பைத் தாங்கியோடு எப்படி இணைப்பது என்று நீங்கள் கேட்கவே இல்லையே?

#11 குழாய்வேலை 13

நல்ல கேள்வி. ஹற்றன்காரர் பாதிப் பதிலையும் சொல்லிவிட்டார். அந்தப் பங்களா முறைதான். தாங்கியின் அடி, அடுப்பின் நீர்ப்பெட்டியைவிட அரை மீற்றராவது உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு அங்குலக் குழாய் இரண்டு வேண்டும். சூடான நீர் போகும் குழாய் பெட்டியின் உச்சியிலிருந்து புறப்பட்டு வழியெங்கும் ஏறிக்கொண்டே போய்த் தாங்கியின் மேற்பகுதியில் சேரட்டும். ஓர் இடத்தில் இறங்கி ஏறினாலும் அங்கே காற்று அடைத்து ஓட்டம் நின்றுவிடும். திரும்பும் குழாய் தாங்கியின் அடியிலிருந்து பெட்டியின் அடிக்கு. இரண்டிலும் வால்வு வேண்டாம். யாராவது ஒருநாள் அதை மூடுவார்கள்.

அடுப்பைச் செய்யும்போது பலரும் நெருப்பைச் சுற்றி நான்கு பக்கமும் நீர்ச்சட்டை போடுகிறார்கள். நீர் சீக்கிரம் சூடாகும் என்று நினைப்பு. நடப்பது வேறு. குளிர்ந்த இரும்பைத் தொட்ட சுவாலை முழுதாக எரியாமலே அவிகிறது, புகைக்கரி ஏறுகிறது, புகையிலுள்ள நீராவி படிந்து தாராக வடிகிறது. நெருப்பு எரியும் இடத்தைச் சுற்றி நெருப்புச் செங்கல் வையுங்கள். சுவாலை அங்கே வெள்ளையாக எரிந்து முடியட்டும். அதன் பிறகு போகும் சூடான புகையின் வழியில் நீர்ப்பெட்டியை வையுங்கள். கடிதம் எழுதும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதுதான் மருந்து. மரம் காய்ந்திருந்து, காற்றுத் தாராளமாகக் கிடைத்து, நெருப்புச் சூடாக எரிந்தால் புகைபோக்கியில் புகை கண்ணுக்குத் தெரிவது மூட்டும் சில நிமிடம்தான். அடுப்பை அடைத்துப் புகையவிட்டு இரவெல்லாம் வைக்கும் பழக்கம் வேண்டாம். வேகமாக எரித்து, தாங்கியில் சூட்டை ஏற்றி, அணையவிடுங்கள்.

#12 தெஹிவளை வெயில்

ஒரே ஒரு வார்த்தை: சூரியன். இதே 200 லீற்றரைக் கூரையில் வைத்துச் சூரியச் சூடாக்கி பூட்டினால் விறகும் இல்லை, சாம்பலும் இல்லை. கொழும்பில் வெயிலுக்குப் பஞ்சமா?

#13 குழாய்வேலை 13

வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் நாட்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது, ஐப்பசியிலும் மழைதான். சுடுநீர் கேட்பதும் அந்த நாட்களில்தான். கையில் காசிருந்தால் தாங்கியில் சூரியத் தட்டுக்கென்று இரண்டு வாய் கூடுதலாக வைத்துவிடுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் பூட்டலாம். மரத்துண்டு சும்மா கிடக்கும் வீட்டில் விறகிலிருந்து தொடங்குவதில் தவறில்லை.

#14 இரசாயன ஆசிரியை

முகத்துவாரத்தான், பட்டறை என்கிறீர்கள். மிஞ்சுவது எல்லாமே வெறும் மரமா? பிளைவூட், எம்.டி.எஃப். இரண்டையும் ஒட்டும் பசையில் ஃபோர்மல்டிஹைட் இருக்கிறது. வார்னிஷ் பூசிய துண்டுகள், பழைய கதவு நிலைகளின் வர்ணம், இவை எதுவும் அந்த அடுப்புக்குள் போகக்கூடாது. பச்சை சாயல் அடிக்கும், மருந்தேற்றிய பலகைதான் இன்னும் மோசம். செம்பு, குரோமியம், ஆசனிக் சேர்ந்த மருந்து அது. எரித்தால் ஆசனிக்கின் ஒரு பகுதி புகையில் போகும். மிச்சம் சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பலை வாழைக்குப் போட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பட்டறையில் இரண்டு பெட்டி வையுங்கள், ஒன்று வெறும் மரத்துக்கு, மற்றது மிச்சத்துக்கு. வேலைக்கு நிற்கும் பையன்களுக்கு ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும்.

இன்னொரு விடயம், குளிக்கும் நீரைச் சேமிக்காமல் சுருளுக்குள் ஓடவிடுவதை நானும் ஆதரிக்கிறேன். 20 முதல் 45 பாகை வரையிலான தேங்கிய நீர் லெஜியோனெல்லா என்ற பக்டீரியாவுக்கு உகந்த இடம். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடியவர்கள் நோயுற்று இறந்த பிறகுதான் அதை அடையாளம் கண்டார்கள். தாங்கியில் குளிநீரைச் சேமிப்பவர்கள் அதனால்தான் 60 பாகையில் வைக்கிறார்கள். இந்த அமைப்பில் தேங்குவது இரண்டு லீற்றர்தான், அதுவும் நாள்தோறும் கழுவுண்டு போகிறது.

#15 கோப்பாய் கிணற்றடி

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்தால் சுருளின் கதி என்ன? எங்கள் கேத்திலுக்குள்ளேயே சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது.

#16 குழாய்வேலை 13

கொழும்புக்கு அம்பத்தலையிலிருந்து வருவது களனி ஆற்று நீர். லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதும் காட்டு மழைநீர்தான். இவை மென்னீர், சுருளில் படிவு கண்ணில் படுவதற்கே ஆண்டுகள் போகும். உங்களுடையது சுண்ணக்கல் நிலத்துக் கிணறு. நீர் 60 பாகையைத் தாண்டினால் சுண்ணாம்பு வேகமாகப் படியும். தாங்கியை 60க்குள் வைத்துக்கொள்ளுங்கள். சூடு குறைவதால் சேமிப்பும் குறையும், ஆகவே தாங்கி பெரிதாக இருக்கட்டும். சுருளின் இரு நுனியிலும் கழுவுவதற்கென ஒவ்வொரு வாய் வைத்து, எலுமிச்சை உப்புக் கரைசலைச் சுற்றவிட்டால் படிவு கரையும். உங்கள் ஊரில் தகட்டை நினைத்தும் பார்க்க வேண்டாம். அந்த இடுக்கு ஒரு வருடத்தில் அடைத்துவிடும்.

#17 முகத்துவாரத்தான்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. பஞ்சிகாவத்தையில் ஒருவர் பழைய இரும்புப் பீப்பாய் தருகிறேன் என்கிறார். லொறி ரேடியேற்றர் ஒன்றும் இருக்கிறதாம்; செப்புச் சுருளுக்குப் பதிலாக அதையே தாங்கிக்குள் இறக்கலாம் என்கிறார். பாதி விலையில் முடிந்துவிடும்.

#18 குழாய்வேலை 13

ரேடியேற்றரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பழைய செப்பு, பித்தளை ரேடியேற்றர்களைப் பற்றவைத்தது ஈயம் கலந்த பற்றாசில். உள்ளே ஓடிய குளிரூட்டித் திரவம் வேறு. அதன் வழியாக வரும் நீரில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதா?

பீப்பாய்க்கும் ஒரு எச்சரிக்கை. முன்பு அதற்குள் என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயில் வெல்டிங் நெருப்பைக் காட்டக்கூடாது. தின்னரோ எண்ணெயோ இருந்திருந்தால் வெறுமையாகத் தெரியும் பீப்பாய்தான் ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். உங்கள் வெல்டிங்காரருக்கு இது தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லுங்கள். புதுத் தகடு வாங்கி 3 மில்லிமீற்றரில் உருளையாக்கச் சொல்லுங்கள். உள்ளே நிற்பது எப்போதும் அதே நீர் என்பதால் அதிலுள்ள ஒட்சிசன் ஆரம்பத்திலேயே தீர்ந்துவிடும், கறள் ஏறுவது மெதுவாகும். வெளிப்பக்கம்தான் கடற்காற்றுக்குப் பயப்பட வேண்டும். முகத்துவாரத்து உப்பு, புகைபோக்கித் தகட்டைத் தின்றுவிடும். அதற்கு மட்டும் துருப்பிடிக்காத உருக்கில் செலவழியுங்கள்.

#19 முகத்துவாரத்தான்

சரி அண்ணா, புதுத் தகடே. கடைசியாக ஒன்று. அம்மா பயப்படுகிறார்: வெடிக்குமா என்று நாலு தரம் கேட்டுவிட்டார். என்ன சொல்வது?

#20 குழாய்வேலை 13

அம்மா கேட்பது நியாயம். மூடிய பாத்திரத்தில் நீர் கொதித்தால் வெடிக்கும். ஆகவே மூடக்கூடாது. தாங்கியின் மேல்மூடியிலிருந்து ஒரு அங்குலக் குழாய் ஒன்று நேராக மேலேறி வெளியே திறந்திருக்கட்டும். அதில் வால்வு, தொப்பி, சாக்குத்துணி எதுவும் கூடாது. குளவி கூடு கட்டாமல் பித்தளை வலை மட்டும் போடலாம். வாய் கீழ்நோக்கி வளைந்து, ஆள் நடமாடாத பக்கம் பார்க்கட்டும். நீர் கொதித்தால் ஆவி அதன் வழியே போகும். குறையும் நீரை நிரப்பப் பக்கத்தில் மிதவை வால்வோடு ஒரு சிறு தொட்டி வையுங்கள்.

அடுப்பின் அளவையும் வேண்டுமென்றே சிறிதாக வையுங்கள். ஒரு முறைக்கு மூன்று கிலோவுக்கு மேல் மரம் கொள்ளாத அறையாக இருந்தால், அதன் பாதி வெப்பம் நீருக்குப் போய் 200 லீற்றர் 26 பாகை ஏறும். 50இல் நிற்கும் தாங்கி 76க்கு வரும், அதோடு மரம் தீர்ந்துவிடும். தாங்கியில் வெப்பமானி ஒன்றைப் பொருத்தி, 70க்கு மேல் காட்டினால் மறுபடி மரம் போடக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

சுருள் பக்கத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூரைத் தாங்கியிலிருந்து சுருளுக்கு வரும் குழாயில் ஒருவழி வால்வு பூட்டுவீர்களானால், சூடாகி விரியும் நீருக்குப் பின்னால் போக வழி இருக்காது. அப்படியானால் சுருளுக்குப் பிறகு, கலப்பு வால்வுக்கு முன்னால் ஒரு பாதுகாப்பு வால்வு வேண்டும். ஒருவழி வால்வு இல்லையென்றால் விரியும் நீர் கூரைத் தாங்கிக்கே திரும்பிவிடும், தொல்லை இல்லை. உங்கள் வீட்டில் எல்லாக் குளியலறைக்கும் ஒரே குழாய் இறங்குகிறதா, தனித்தனியா? அதைப் பார்த்து எழுதுங்கள், சொல்கிறேன்.

#21 முகத்துவாரத்தான்

இரண்டுக்கு ஒரே குழாய், அம்மாவின் அறைக்குத் தனிக் குழாய். கூரையில் ஏறிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

#22 குழாய்வேலை 13

அப்படியென்றால் அம்மாவின் குழாயை மட்டும் முதலில் சுருளோடு இணையுங்கள். ஒருவழி வால்வு வேண்டாம். மற்ற இரண்டுக்கும் இடைத்துண்டு போட்டு மூடி வையுங்கள். ஒரு மாதம் ஓடட்டும். மழை பிடித்ததும் தாங்கி காலையில் எத்தனை பாகை காட்டுகிறது, மாலையில் எத்தனை என்று எழுதி வைத்து இங்கே போடுங்கள். தாங்கியைச் சுற்றி இரண்டு அங்குலக் கண்ணாடிப் பஞ்சு கட்டுவதற்கு முன் ஒருமுறை, கட்டிய பின் ஒருமுறை. அந்த எண்களைப் பார்த்த பிறகு மற்ற இரண்டையும் இணைப்போம்.